விளையாட்டு ஷூவில் குஷனும் சப்போர்ட்டும்: வடிவமைக்க உட்காருபவர்களுக்கு

ஷூ வாங்கப் போகிறவர்கள் முதலில் கட்டைவிரலால் சோலை அமுக்கிப் பார்ப்பார்கள். அமுங்கினால் நல்ல குஷன், அமுங்காவிட்டால் வெறும் கட்டை. வாங்குகிறவர் அப்படிப் பார்த்தால் பரவாயில்லை, வடிவமைக்கிறவரும் அந்த விரலையே நம்பினால்தான் சிக்கல். விரல் தருவது சில கிலோ அழுத்தம். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தரையிலிருந்து காலுக்கு வரும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. 70 கிலோ ஆள் என்றால் ஒற்றைக் காலில் 150 கிலோ, 200 கிலோ, அதுவும் ஏறத்தாழ கால் நொடிக்குள் வந்து போய்விடுகிறது. விரலுக்கு மெத்தென்று இருக்கும் நுரை அந்தச் சுமையில் அடிவரை நசுங்கி, மேற்கொண்டு அமுங்க இடமில்லாமல் தரையைப் போலவே ஆகிவிடும். மென்மையான ஷூ போட்டும் முழங்கால் வலிக்கிறது என்பவர்களில் சிலருக்கு நடப்பது இதுதான்.

சரி, அப்படியானால் குஷன் என்பது எது? நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரமும் தூரமும். மதிலிலிருந்து குதிக்கிறவன் முழங்காலை மடக்கி இறங்குவது எதற்கோ, சோலும் அதற்குத்தான் அமுங்குகிறது: கீழே வரும் உடலை ஒரே அடியில் நிறுத்தாமல், கொஞ்சம் இழுத்து நிறுத்தினால் உச்ச விசை குறையும். ஆக, வடிவமைப்பாளர் கையில் இருப்பது இரண்டு விஷயம். எவ்வளவு தூரம் அமுங்க இடம் கொடுக்கிறோம், அந்தத் தூரம் முழுவதும் தீராமல் எவ்வளவு எதிர்ப்புக் கொடுக்கிறோம். மென்மை கூடினால் தடிமனும் கூட வேண்டும். தடிமன் கூடினால் பாதம் தரையிலிருந்து உயர்ந்து ஆட ஆரம்பிக்கும், அதை அடக்கத்தான் சப்போர்ட். இரண்டையும் தனித்தனித் துறையாக நினைத்து, முதலில் குஷனை முடித்துவிட்டு அப்புறம் சப்போர்ட்டை ஒட்டவைக்கலாம் என்று கிளம்புகிற ஷூக்கள்தான் பெரும்பாலும் கனமாகவும் விறைப்பாகவும் முடிகின்றன.

யாருக்கு, எந்த ஆட்டத்துக்கு

பென்சிலைத் தொடும் முன்பே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் என்றால் கால் ஒரே திசையில், ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான முறை இறங்குகிறது. அங்கே உயரமான சோல் தாங்கும். கூடைப்பந்து, டென்னிஸ், பேட்மின்டன் எல்லாம் பக்கவாட்டு வெட்டும் திடீர் நிறுத்தமும் நிறைந்தவை. பாதம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ கணுக்கால் வெளிப்பக்கம் மடங்கும் நெம்புகோலும் அவ்வளவு நீளம், ஆகவே சோலைத் தாழ்வாக வைத்து, முன்பாதத்தின் வெளி ஓரத்தில் சோலைச் சற்று வெளியே நீட்டிவிடுவார்கள். பளுதூக்கும் ஷூவுக்கோ குஷனே கூடாது: அமுங்கும் எதுவும் அங்கே விரோதி, குதிகால் உயர்ந்த கெட்டியான அடித்தளம்தான் வேண்டும். ஓட்ட ஷூவைப் போட்டுக்கொண்டு பளு தூக்குவது ஏன் ஆட்டம் காண்கிறது என்பதற்குக் காரணம் இதுவே.

ஆளின் எடை, வேகம், குதிகாலில் இறங்குகிறாரா நடுப்பாதத்திலா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குதிகாலில் இறங்குபவருக்கு முதல் 50 மில்லிநொடிக்குள்ளேயே ஒரு கூர்மையான அதிர்ச்சி வந்துபோகும், அதன் பிறகுதான் பெரிய விசை மெதுவாக ஏறும். முன்பாதத்தில் இறங்குபவருக்கு அந்த முதல் அதிர்ச்சி பெரும்பாலும் தெரியாது, ஆனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அதிகமாக உழைக்கும்.

பாதமும் லாஸ்ட்டும்

பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். அதை ஒரு செவ்வகக் கட்டை மாதிரி நீளம், அகலம் என்று இரண்டே எண்ணில் அடக்குவதுதான் பல ஷூக்களின் முதல் கோளாறு. நின்றுகொண்டிருக்கும் பாதத்தை அளக்க வேண்டும், உட்கார்ந்திருக்கும் பாதத்தை அல்ல. எடை விழும்போது வளைவு சற்றுத் தாழ்ந்து பாதம் நீளும், அகலும். மாலையில் அளப்பது நல்லது, நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும். இரண்டு காலையும் அளந்து பெரியதைக் கணக்கில் எடுங்கள். நீளம், முன்பாதத்தின் சுற்றளவு, நடுப்பாதத்தின் சுற்றளவு, குதிகாலின் அகலம், பெருவிரலின் உயரம், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள நீளம் ஆகியவை குறைந்தபட்சம் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெருவிரல் மூட்டு பாதத்தின் நீளத்தில் பின்னாலிருந்து சுமார் 70 சதவீதத்தில் இருக்கும். ஷூ மடங்கும் கோடு அங்கே விழாமல் பின்னால் தள்ளி நடுப்பாதத்தில் விழுந்தால், எவ்வளவு விலை உயர்ந்த நுரையைப் போட்டாலும் உள்ளங்கால் சலித்துவிடும். அந்தக் கோடு நேர்க்குறுக்காகவும் இருக்காது, சுண்டுவிரல் பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும்.

இந்த அளவுகளையெல்லாம் வைத்துச் செதுக்கும் கால் வடிவ அச்சுக்குத்தான் லாஸ்ட் என்று பெயர். ஷூவின் உள்வடிவம் முழுக்க அதில் தீர்மானமாகிவிடும். விரல்களுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் விட வேண்டும், ஓடும்போது பாதம் முன்னோக்கி நகரும். உள்வளைவு அதிகமான லாஸ்ட் இலேசான, வேகமான ஷூவுக்கு ஒத்துவரும். நேரான லாஸ்ட் நடுப்பாதத்தின் அடியில் அதிகப் பரப்பைக் கொடுத்துத் தாங்கும். பெண்களுக்கான லாஸ்ட் என்பது ஆண்களுடையதைச் சிறிதாக்கியது இல்லை. ஒரே நீளத்தில் பார்த்தால் முன்பாதத்தோடு ஒப்பிடுகையில் குதிகால் குறுகலாக இருப்பது வழக்கம், அதைக் கவனிக்காத ஷூவில் குதிகால் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் லாஸ்ட் செதுக்க வேண்டியதில்லை. பொருந்தும் ஒன்றை வாங்கி, மேலே தோல் துண்டோ கார்க்கோ ஒட்டித் திருத்திக்கொள்ளலாம்.

உயரம், டிராப்

குதிகாலின் கீழ் சோல் மொத்தம் எவ்வளவு தடிமன், முன்பாதத்தின் கீழ் எவ்வளவு என்று இரண்டு எண்ணை முதலில் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டிராப். நீண்ட காலமாக 10, 12 மி.மீ. என்று இருந்தது, இப்போது பூஜ்யம் வரை எல்லாமே கிடைக்கிறது. டிராப்பைக் குறைத்தால் சுமை காணாமல் போவதில்லை, முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பழக்கமில்லாதவருக்குத் திடீரென்று டிராப் குறைந்த ஷூவைக் கொடுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

போட்டிக்கான ஷூ என்றால் உலகத் தடகள அமைப்பின் விதியையும் பார்க்க வேண்டும். சாலை ஓட்டத்துக்கு சோல் 40 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, தடத்தில் ஓடும் போட்டிகளுக்கு 2024 நவம்பர் முதல் 20 மி.மீ. உள்ளே ஒரே ஒரு விறைப்பான தகடுதான் அனுமதி. உள்நீளத்தில் குதிகாலிலிருந்து 12 சதவீதத்திலும் 75 சதவீதத்திலும் அளப்பார்கள், நீங்களும் அங்கேயே அளந்தால் பின்னால் தகராறு வராது.

தடிமனில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரே பொருளால் ஆன பலகை இரண்டு மடங்கு தடித்தால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். அதனால் உயரமான சோல் விரல் மூட்டில் மடங்க மறுக்கும். மடங்காத சோலை உருள வைக்க வேண்டும்: முன்பக்கத்தைக் கீழிருந்து வளைத்து மேலே ஏற்றிவிட்டால் பாதம் அதன்மேல் உருண்டு முன்னே போகும். வளைவு ஆரம்பிக்கும் இடம் விரல் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால் இயல்பாக இருக்கும், முன்னால் தள்ளிப்போனால் ஒவ்வொரு அடியிலும் சின்ன மேடு ஏறுவது போலத் தோன்றும். காகிதத்தில் பார்த்தால் 5 மி.மீ. விஷயம். காலுக்கு உடனே தெரியும்.

நுரை

இங்கேதான் எல்லோரும் அதிக நேரம் பேசுகிறார்கள், பேசலாம், ஏனென்றால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உண்மையாகவே நிறைய மாறியிருக்கிறது. 1970களில் ஓட்ட ஷூக்களுக்குள் வந்த ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரைதான் இன்றும் அடிப்படை. மலிவு, இலேசு, எளிதில் வார்க்கலாம். ஆனால் நாள்பட நாள்பட நசுங்கியபடியே நின்றுவிடும், குளிரில் விறைக்கும், வெயிலில் தளரும். 2013-இல் அடிடாஸ் பூஸ்ட் என்று, டி.பி.யு. என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக்கின் மணிகளை உருக்கி ஒட்டிய நுரையைக் கொண்டுவந்தது. கனம் அதிகம், ஆனால் ஆயுளும் குளிர் தாங்கும் குணமும் மேல். அப்புறம் 2017-இல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை ஓட்ட ஷூ வழியாகப் பிரபலமானது பெபா என்ற இன்னொரு பிளாஸ்டிக்கின் நுரை. அதன் முன்மாதிரியைச் சோதனைக்கூடத்தில் அமுக்கி அளந்தபோது உள்ளே போன ஆற்றலில் சுமார் 87 சதவீதம் திரும்பி வந்தது. அதே சோதனையில் டி.பி.யு. சுமார் 76, ஈ.வி.ஏ. சுமார் 66.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு எல்லா ஷூவிலும் பெபாவைப் போடத் தோன்றும். அது இலேசாகவும் மிக மென்மையாகவும் இருப்பதால் தனியாக விட்டால் பக்கவாட்டில் தள்ளாடும், விலையும் அதிகம். மெதுவாக ஓடும் புதியவருக்கு 45 டிகிரிக்கு அருகில் உள்ள நல்ல ஈ.வி.ஏ. கலவையே போதும் என்பது என் கருத்து. (இங்கே டிகிரி என்பது ஆஸ்கர் சி என்ற கடினமானியின் அளவு, எண் கூடினால் கெட்டி. ஓட்ட ஷூக்களின் நடுச்சோல், அதாவது மேல்பாகத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவிலுள்ள நுரை, பெரும்பாலும் 40-க்கும் 55-க்கும் இடையில் வரும்.) அந்தக் கருவியையும் முழுதாக நம்ப வேண்டாம். அது மேற்பரப்பைத்தான் குத்திப் பார்க்கிறது. வார்த்தெடுத்த நுரைக்கு மேலே தோல் போலக் கெட்டியான படலம் படிந்திருக்கும், அதன் மேல் அளந்தால் ஒரு எண், வெட்டிய உள்பக்கத்தில் அளந்தால் வேறு எண். எப்போதும் ஒரே மாதிரி வெட்டிய பரப்பில் அளந்து ஒப்பிடுங்கள்.

இன்னும் மென்மையாக்கினால் இன்னும் நல்லது என்ற நினைப்பைக் கால்களே உடைத்துவிடுகின்றன. தரை மென்மையானால் ஓடுபவர் தன்னை அறியாமலேயே காலை விறைப்பாக வைத்துக்கொள்கிறார், உடலின் மொத்த ஏற்ற இறக்கம் மாறாமல் இருப்பதற்காக. ஆகவே சோலில் 20 சதவீதம் மென்மை கூட்டினால் காலுக்கு வரும் அதிர்ச்சி அதே அளவில் குறையும் என்று கணக்குப் போட முடியாது. முழுச் சுமையில் நுரை தன் தடிமனில் ஏறத்தாழ பாதிக்குள் அமுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குமேல் போனால் நுரையின் சின்னச்சின்ன அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, விசை திடீரென ஏறும். அமுங்குவதே இல்லை என்றால் அந்தத் தடிமன் வெறும் சுமை. சுமைக்கும் கணக்கு உண்டு: ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது.

சப்போர்ட் எங்கிருந்து வருகிறது

பாதம் இறங்கியவுடன் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்வது இயல்பு. அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள உடலே வைத்திருக்கும் வழி அது. 1980களில் அதை ஒரு நோயாகவே பார்த்து, நடுச்சோலின் உள்பக்கத்தில் கெட்டியான நுரைக் கட்டியை வைத்துத் தடுக்க ஆரம்பித்தார்கள், கடைகளில் ஈரக்காலை வைக்கச் சொல்லி, விழும் தடத்தைப் பார்த்து ஷூ தருவதும் அப்படித்தான் பரவியது. ஆனால் அமெரிக்க ராணுவத்திலும் விமானப் படையிலும் கடற்படைக் காலாட்படையிலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உள்ளங்கால் வளைவைப் பார்த்து ஷூ கொடுத்து ஆராய்ந்தபோது, அப்படிக் கொடுத்ததால் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. கெட்டிக் கட்டியால் யாருக்குமே பயனில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அதை எல்லாருக்கும் போடும் மருந்தாக வைக்காதீர்கள், முதலில் வடிவத்தால் முடிகிறதா என்று பாருங்கள்.

வடிவத்தால் என்றால்: அகலம் முதலில். தரையைத் தொடும் அடிப்பரப்பு குதிகாலில் 90 மி.மீ.க்கு மேலும் முன்பாதத்தில் 115 மி.மீ. அளவிலும் இருந்தால், உயரமான மென்மையான சோல்கூட நிதானமாக நிற்கும். அடுத்து, பாதத்தை நுரையின் மேல் உட்கார வைக்காமல் உள்ளே இறக்கி வைப்பது. நடுச்சோலின் ஓரச் சுவரைக் குதிகாலைச் சுற்றியும் நடுப்பாதத்தின் உள்பக்கத்திலும் சில மி.மீ. மேலே ஏற்றிவிட்டால், பாதம் சாயும்போது அந்தச் சுவர் மெதுவாகத் தடுக்கும், இயல்பான சாய்வை விட்டுவைக்கும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. கூடுதல் துண்டு இல்லை, கூடுதல் பசை இல்லை, கனமும் பெரிதாகக் கூடாது.

குதிகாலின் பின்–வெளி ஓரத்தில் ஒரு எச்சரிக்கை. நிலையாக இருக்கட்டும் என்று அங்கேயும் சோலை வெளியே நீட்டிவிடுவார்கள். பாதம் தரையைத் தொடும் முதல் இடமே அதுதான், நீட்டிய பகுதி நெம்புகோலாகி, பாதத்தை இன்னும் வேகமாக உள்பக்கம் புரட்டிவிடும். சாய்வைக் குறைக்கச் செய்த வேலை சாய்வைக் கூட்டிவிடுகிறது. அந்த மூலையைச் சரிவாகச் சீவிவிடுங்கள், இறக்கம் மெதுவாகும்.

நடுப்பாதம் முறுக்காமல் இருக்க வேண்டுமானால் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாலத்தை அடியில் வைக்கலாம், அல்லது நடுச்சோலையே தரைவரை நிரப்பிவிடலாம். உள்ளங்கால் வளைவுக்கு, பாதத்துக்கு நேர் கீழே இருக்கும் இன்சோலில் உயரமான மேடு வைப்பது கடையில் போட்டுப் பார்க்கும்போது சப்போர்ட் மாதிரித் தோன்றும், நீண்ட ஓட்டத்தில் உறுத்தும். இலேசாகத் தொடுகிற அளவு போதும்.

மேல்பாகம்

குஷனைப் பற்றிப் பேசும்போது மேல்பாகத்தை மறந்துவிடுகிறோம், ஆனால் குதிகாலில் அதற்கு நேரடித் தொடர்பு உண்டு. குதிகால் எலும்பின் அடியில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. தடிமனில் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. வெறுங்காலில் எடை விழும்போது அது பக்கங்களில் பிதுங்கிவிடும். குதிகாலை நெருக்கமாகப் பிடிக்கும் கெட்டியான கிண்ணத்தை ஷூவின் பின்பக்கம் வைத்தால், திண்டு பிதுங்காமல் எலும்பின் அடியிலேயே நின்று கூடுதலாக அதிர்ச்சி வாங்கும். சோலில் ஒரு மி.மீ.கூடச் சேர்க்காமல் கிடைக்கும் குஷன் இது. கிண்ணத்தின் கீழ்ப்பாதி கெட்டியாகவும், தசைநாண் உரசும் மேல்விளிம்பு மென்மையாகவும் இருக்கட்டும்.

நடுப்பாதத்தில் லேஸ் இழுக்கும் விசை சோல்வரை நேராகப் போக வேண்டும். வலைத்துணி இழுபட்டு நீண்டால் பாதம் நடுச்சோலின் ஓரத்தைத் தாண்டி வழியும், அகலமான அடிப்பரப்பு வீணாகும். பக்கவாட்டில் நீளாத பட்டையோ தடித்த பின்னலோ அங்கே வேண்டும். விரல் பகுதியில் மட்டும் துணி தாராளமாக விரியலாம்.

அடி ரப்பர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேயும் இடத்தில் கெட்டியான கார்பன் ரப்பர், முன்பாதத்தில் காற்றேற்றிய இலேசான ரப்பர், மற்ற இடங்களில் நுரையைத் திறந்தே விடுங்கள்.

கையால் ஒரு மாதிரி

வார்ப்பு அச்சுக்குச் செலவு செய்யும் முன் கையால் செய்து பாருங்கள். வேறு வேறு கடினத்தில் ஈ.வி.ஏ. தாள்களை வாங்கி, அடுக்கி ஒட்டி, பட்டைச் சாணை இயந்திரத்தில் தேய்த்து நடுச்சோலை உருவாக்கலாம். பழைய ஷூ ஒன்றின் சோலைச் சூடுகாட்டிப் பிரித்தெடுத்து, அதன் மேல்பாகத்தில் இதை ஒட்டினால் லாஸ்ட் வேலையும் தப்பும். ஈ.வி.ஏ.யில் பசை சுலபமாகப் பிடிக்காது: பரப்பைச் சொரசொரப்பாக்கி, பிரைமர் பூசிக் காயவிட்டு, இரண்டு பக்கமும் பசை தடவி, ஒட்டாத அளவு உலர்ந்த பிறகு சூடாக்கி அழுத்துங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம், பசை வேலை காற்றோட்டமான இடத்தில்.

இடது காலுக்கு ஒரு வகை, வலது காலுக்கு ஒரு வகை என்று செய்து ஒரே ஆளை ஓடவிட்டால் வித்தியாசம் சட்டெனத் தெரியும். ஆனால் இரண்டின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், பிறகு கால் மாற்றியும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரு கால் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். குஷனுக்கு எண் வேண்டுமென்றால், சோதனைக்கூடங்களில் 8.5 கிலோ எடையைச் சுமார் 5 செ.மீ. உயரத்திலிருந்து குதிகால் மேல் திரும்பத் திரும்ப விழவிட்டு அதன் உச்ச முடுக்கத்தை அளக்கிறார்கள் (அது குறைந்தால் குஷன் அதிகம்). வழிகாட்டிக் கம்பியும் முடுக்கமானியும் இருந்தால் ஒரு பட்டறையிலும் கட்டிவிடலாம். முதல் சில அடிகளை விட்டுவிடுங்கள், புது நுரை முதலில் கொஞ்சம் இளகும். ஓடவிட்டுச் சோதிப்பவர்களிடம் "நன்றாக இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். எங்கே உறுத்துகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, இறக்கத்தில் விரல் முட்டுகிறதா என்று கேளுங்கள். ஐந்நூறு கி.மீ. ஓடிய ஜோடியைத் திரும்ப வாங்கி நெடுக்காக அறுத்துப் பார்ப்பது, நூறு கருத்துப் படிவங்களைவிட அதிகம் சொல்லும்: நுரை எந்த இடத்தில் செத்திருக்கிறது, எந்த இடத்தில் தொடப்படவே இல்லை என்பது அப்படியே தெரியும். தொடப்படாத இடத்திலிருந்து நுரையை எடுத்துவிடலாம்.

கடைசியாக அளவுகள். பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்களுக்கான அமெரிக்க 9-ஆம் அளவில் மாதிரியைச் செய்து, நுரையை அதில் சரிபார்த்துவிட்டு, மற்ற அளவுகளை நீள அகலத்தில் மட்டும் கூட்டிக் குறைக்கின்றன. ஆங்கில அளவில் ஒரு படி என்பது 8.5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, ஐரோப்பிய அளவில் 6.67 மி.மீ. நீளம் இப்படிப் படிப்படியாகப் போனாலும் எடை அப்படிப் போவதில்லை: 50 கிலோ பெண்ணுக்கும் 90 கிலோ ஆணுக்கும் ஒரே கடின நுரை போனால், 50 கிலோவுக்குக் கட்டை, 90 கிலோவுக்குக் களிமண். சிறிய அளவுகளுக்கு இரண்டு மூன்று டிகிரி மென்மையான கலவையும், பெரிய அளவுகளுக்குச் சற்றே கெட்டியான கலவையும் கேட்டு வாங்குங்கள். தொழிற்சாலை முனகும், கலவை மாற்றுவது அவர்களுக்குத் தொந்தரவு. குறைந்தது மூன்று தொகுதிகளாகவாவது பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் அந்த எடையில் உள்ள ஒருவரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.